ஆறாவது இறகு

— இல்ல அண்ணே, மூணு மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூடத் தர முடியாது. நாலு மணிக்கு வன இலாகா மிருக டாக்டர் உங்க மொட்டை மாடியில வந்து நிப்பாரு. பசை காயவே ஒரு மணி நேரம் வேணும்.

— நியாயமாப் பேசுவோம் தங்கச்சி. ஒரு பல் செட்டு செய்யவே நான் நாலு நாள் கேக்கறவன். நீ ஆறு எறகை ரெண்டு மணி நேரத்துல ஒட்டித் தரச் சொல்றே, அதுவும் உசுரோட இருக்கற பருந்துக்கு. என் வாடிக்கைக்காரங்க என் மேல எரிஞ்சு விழுந்திருக்காங்க, கொத்தினதில்ல.

— கொத்தாது. தலையில காலுறையை வெட்டி மாட்டியிருக்கேன் பாருங்க. கண்ணு மறைஞ்சா அது பாட்டுக்குக் கிடக்கும். துண்டுல சுத்தி நான் பிடிச்சுக்கறேன். இடது ரெக்கை மட்டும் வெளிய.

— அந்த டாக்டர்கிட்ட இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பாத்தா என்ன? பேரம் பேசியே வளர்ந்த வீட்டுப் பொண்ணு நீ.

— பேசிட்டுத்தான் வந்திருக்கேன். முதல் தடவை ஒரு மாசம் கேட்டேன், பதினைஞ்சு நாள் குடுத்தாரு. அப்புறம் பதினைஞ்சு கேட்டேன், ஏழு குடுத்தாரு. மூணாவது தடவை நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, ‘அம்மா, என்னைத் துணி மாதிரி இழுத்து இழுத்து அளக்கறீங்க, இனிமே கிழிஞ்சுதான் போவேன்’னு சொல்லிட்டாரு. அடிபட்டு வந்த பறவை ஆறு மாசத்துல பறக்கலேன்னா நிரந்தரக் கூண்டுக்கு அனுப்பணும்னு அவருக்கு உத்தரவு. ஆறு மாசம் முடிஞ்சு, அவரு குடுத்த தவணையும் இன்னையோட முடியுது. இன்னைக்குப் பறந்தா வானம். இல்லேன்னா சாகற வரைக்கும் பத்தடிக் கூண்டு, ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வந்து கடலை எறியும்.

— பருந்து கடலை தின்னுமா?

— தின்னாது. அதுதான் சொல்ல வர்றேன்.

— சரி, சரி. மேஜை மேல வை.

— அண்ணி, அந்த விளக்கை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்க. போதும். என்ன அண்ணி, நான் வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசல? கன்னத்தைச் சுத்திக் கட்டு வேற.

— அவளுக்கு நேத்து கடவாப்பல்லைப் புடுங்கியாச்சு. ரெண்டு நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது.

— நீங்களா புடுங்கினீங்க?

— நான் பல் செய்யறவன். புடுங்கறவரு எதிர்க் கட்டடத்துல இருக்காரு. அவரு புடுங்கினாத்தான் எனக்கு வேலை, அதனால அவரைக் குறை சொல்றதில்ல. பாரு, சீட்டு எழுதிக் காட்டறா. ‘கோழிக்கறி நறுக்கி வச்சிருக்கேன், முடிஞ்சதும் குடுங்க’ன்னு எழுதியிருக்கா.

— நல்ல மனசு. விரல் அகலத்துக்கு நறுக்கியிருந்தா போதும் அண்ணி, பெருசா வேண்டாம். அட, சரியா அதே அளவுல நறுக்கியிருக்கீங்களே. வீட்டுல பேச்சில்லாம உங்களுக்கு நிம்மதியா இருக்குமே அண்ணே?

— எங்கேருந்து நிம்மதி. நேத்துல இருந்து வீடு கடைச்சாவியைத் தொலைச்ச மாதிரி இருக்கு. நீ வேலையைச் சொல்லு.

— போன வாரம் சொன்னதுதான். எறகுத் தண்டு உள்ள குழாய் மாதிரி. வெட்டுப்பட்ட அடித்தண்டு ரெக்கையிலேயே நிக்குது. அதுக்குள்ள உங்க பல் கம்பியில ஒரு துண்டு. கம்பியோட மறுபாதி இந்தச் செத்த பருந்தோட எறகுக்குள்ள. நடுவுல ஒரு பொட்டுப் பசை. அடுத்த வருஷம் அது தானா எறகு உதிர்த்துப் புதுசு முளைக்கிற வரைக்கும் இது தாங்கினா போதும்.

— வேருல கம்பி நட்டு மேல பல்லு வைக்கிறோமே, அதே வேலை. பல்லு கடிக்கணும், இது பறக்கணும், அவ்வளவுதானே வித்தியாசம்.

— அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். நகைக்கடைக்காரர், கடிகாரக் கடை, கண்ணாடிக் கடை, எல்லாரும் பருந்துன்னதும் கதவைச் சாத்திட்டாங்க.

— அந்தச் செத்த பருந்து ஏது?

— மின்கம்பியில அடிபட்டது. எட்டு நாளா என் வீட்டுக் குளிர்பெட்டியில பட்டாணிப் பாக்கெட்டுக்குக் கீழ கிடந்துச்சு. என் வீட்டுக்காரரு பட்டாணி சாப்பிடறதை விட்டுட்டாரு. இடது ரெக்கையில உருப்படியா ஆறே ஆறு எறகுதான் தேறுச்சு. உபரி ஒண்ணுகூடக் கிடையாது.

— டிரில்லைப் போடறேன். தண்டுக்குள்ள இருக்கற சொத்தையைச் சுத்தம் பண்ணணும். இறுக்கிப் பிடி.

— இருங்க, இதுதான் எனக்குப் பயம். அடிபட்ட பறவைங்களை வச்சிருக்கற என் இடத்துல சைக்கிள் மணி அடிச்சாலே கூண்டுச் சுவத்துல போய் முட்டும். மெதுவா ஆரம்பிங்க. ம், போடுங்க. அட.

— என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, டிரில் சத்தம் கேட்டதும் அடங்கிருச்சு. உடம்பை அப்படியே தளர விட்டுட்டு உக்காந்திருக்கு. ஆறு மாசமா என் கையில ஒரு நாளும் இப்படி இருந்ததில்ல.

— அதாவது, சில சத்தம் சில உசுருக்கு ஒத்துக்கும் போல. என் டிரில் சத்தத்துல தூங்கற மனுஷங்களே இருக்காங்க. நீ அதோட வலது காலைப் பிடிச்சுக்கோ, இது வலது காலாலதான் முதல்ல உதைக்கும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எல்லாப் பருந்தும் அப்படித்தானே?

— நான் நூத்திப் பன்னெண்டு பருந்து பாத்திருக்கேன். அப்படி ஒண்ணும் கிடையாது. ஆனா இது வலது காலாலதான் உதைக்கும்.

— குத்துமதிப்பாச் சொன்னேன். குழி சுத்தமாயிருச்சு. அடுத்த தண்டைக் காட்டு.

— பாருங்க இந்த வெட்டை. ஆறும் ஒரே சாய்வு, ஒரே கத்திரி. கண்டவன் கண்டபடி வெட்டினது இல்ல. சின்ன வேலை செஞ்சு பழகின கை. கை நல்ல கை, புத்திதான் இல்ல. பறந்து போயிடக் கூடாதுன்னு ஒரு பக்க ரெக்கையைக் கத்தரிச்சிருக்காங்க. அது அந்த வெட்டு ரெக்கையோடயே ஒரு நாள் பறந்துதான் பாத்திருக்கு. நாலு தெரு சந்திக்கற இடத்துல, வண்டிகளுக்கு நடுவுல விழுந்துச்சு. கால் ஒடிஞ்சு, புண் வச்சு, அதை ஆத்தவே மூணு மாசம்.

— வேணும்னு பண்ணியிருக்க மாட்டாங்க.

— வேணாம்னும் பண்ணல. ஆள் மட்டும் என் கையில கிடைச்சா, ஒரு நாள் முழுக்க ஒத்தைச் செருப்போட நடக்க விட்டிருப்பேன். அண்ணி, என்ன, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?

— பசை வாடை அவளுக்கு ஆகாது. நீ போய் ஜன்னல்கிட்ட நில்லு. போக மாட்டேங்கறா. ‘எனக்கு ஒண்ணுமில்ல, வேலையைப் பாருங்க’ன்னு எழுதறா. எழுதறதுலயும் அதட்டல்.

— இதோட உடம்புகூட ஆறிருச்சு அண்ணி, புத்தியை ஆத்தறதுதான் பெரும்பாடு. வந்தப்ப மனுஷக் குரல் கேட்டாலே வாயைப் பிளந்துக்கிட்டு ஓடி வரும். யாரோ கையில ஊட்டி வளர்த்திருக்காங்க. அப்படியே விட்டா, அது பசிச்ச நேரத்துல எவன் தோள்லயாவது போய் உக்காரும். அவன் பயந்து கட்டையை எடுப்பான். அதனால என் இடத்துல யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம். சாப்பாடு குழாய் வழியாப் போகும். நானே மூணு மாசம் ஊமையா இருந்தேன், எங்க துணிக்கடை வம்சத்துல அப்படி ஒருத்தி இருந்ததே கிடையாது.

— இப்ப மறந்துருச்சா?

— மனுஷங்களை மறந்துருச்சு. இப்ப நாம பேசறோம், சும்மா கிடக்கு பாருங்க. ஆனா போன வாரமே சொன்னேனே, ஊட்டி வளர்த்த அந்த ஒரு குரல் இருக்கு. அதை மறந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆள் யாருன்னு தெரிஞ்சாத்தானே சோதிச்சுப் பாக்க?

— ம். சரி, ஆறு குழியும் தயார். எறகை எடுப்போம். நேத்து நீ குடுத்தனுப்பினதுமே வரிசையா ஒட்டுத்தாள் சுத்தி நம்பர் போட்டு வச்சுட்டேன். உன் அளவுச் சீட்டைப் படி.

— ஒண்ணாம் நம்பர், நாலரை விரக்கடை நீளத்துக்கு வெட்டிக்கங்க.

— வெட்டியாச்சு. கம்பி உள்ள போயிருச்சு. தண்டைக் காட்டு. பசை வைக்கறேன். ஏய், என்ன, மேஜையைத் தட்டறே? பல்லு வலிக்குதா? தங்கச்சி, இவ என்னமோ எழுதறா, இரு. ‘நிறுத்துங்க. அது கடைசி எறகு.’

— எந்த எறகு? அண்ணே, அந்த எறகை விளக்குக்கு நேராத் தூக்குங்க. இது ஒண்ணாம் நம்பர் இல்ல. இது ரெக்கை நுனி எறகு. இருக்கறதுலயே நீளமானது.

— ஒண்ணுன்னுதான் ஒட்டியிருக்கேன். முன்னாடி இருக்கறது ஒண்ணு, உள்ள போகப் போக ரெண்டு, மூணு.

— யார் சொன்னது?

— யார் சொல்லணும்? முப்பது வருஷமா எண்ணறேன். முன்பல்லு ஒண்ணு, கடவாப்பல்லு எட்டு.

— ஐயோ அண்ணே. நாங்க உடம்புல இருந்து எண்ணுவோம். உடம்புக்குக் கிட்ட இருக்கறது ஒண்ணு, நுனியில இருக்கறது ஆறு.

— அதை நீ சொல்லலையே.

— நீங்களும் கேக்கலையே. சீட்டைக் குடுக்கும்போது ‘ஒண்ணுல இருந்து ஆறு’ன்னு சொன்னேன். ஒண்ணு எங்க இருக்குன்னு யாராவது கேப்பாங்களா?

— அதாவது இப்ப நான் ஆறாவது எறகை ஒண்ணாவது அளவுக்கு வெட்டிட்டேன்.

— பாதியா வெட்டிட்டீங்க.

— பசை வைக்கல. பசை வைக்கலையே.

— பசையா இப்பப் பிரச்சனை? வெட்டினது வெட்டினதுதானே. நுனி எறகு இல்லாம மேல எழும்பலாம், காத்துல திரும்ப முடியாது. டாக்டர் முன்னாடி எழும்பும், சாயும், எதிர்ச் சுவத்துல போய் மோதும். அவரு நோட்டை மூடிக்கிட்டுப் போயிருவாரு.

— குட்டையாவே ஒட்டிப் பாத்தா?

— முன்பல்லுக்குப் பதிலா அரிசியை ஒட்டி அனுப்புவீங்களா யாரையாவது?

— திட்டு. எனக்கு வேணும். ரெண்டே கால் ஆச்சு.

— திட்டறதுக்கு நேரம் இல்ல. மத்த அஞ்சையும் என் கணக்குல திருப்பி நம்பர் போடுங்க, அஞ்சையும் ஒட்டிருவோம். அதுக்குள்ள ஆறாவதுக்கு ஒரு வழி பண்றேன். பக்கத்து ஊரு மீட்பு மையத்துல எறகு இருக்கும், ஆனா வர்றதுக்கு ஆறு மணி நேரம். உயிரியல் வாத்தியார்கிட்ட பஞ்சடைச்ச பருந்து ஒண்ணு இருக்கு, அது பூச்சி அரிச்சது. எனக்குத் தோத்துட்டு வீட்டுக்குப் போற பழக்கம் இல்ல அண்ணே. எங்கப்பா கடையில வாங்க வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பினா அன்னைக்கு எங்களுக்குச் சோறு இறங்காது. ஒட்டுங்க. முதல் தண்டு.

— ஒண்ணு. நேராயிருக்கா?

— கொஞ்சம் உள்ள திருப்புங்க. அங்கதான். நடுவுல தாளை வைங்க, பக்கத்து எறகுல பசை படக்கூடாது.

— ரெண்டு.

— நல்லாருக்கு. அண்ணி எங்க போனாங்க?

— உள்ள பீரோவைத் திறக்கற சத்தம் கேக்குது. மூணு. நீ பிடியைத் தளர்த்தாதே.

— நான் எங்க தளர்த்தினேன், அதுதான் உங்க டிரில்லைத் திரும்பப் போடுங்கன்னு கேக்கற மாதிரி தலையைத் திருப்புது. நாலு, அதுவும் சரி. அண்ணி வந்துட்டாங்க. கையில என்ன அது, காகிதச் சுருள்?

— அவ ஏதோ பழைய... இங்க குடு. வேணாம், இரு. நிஜமாவா? குடுக்கச் சொல்றியா? தங்கச்சி, எறகு.

— என்ன எறகு?

— பருந்து எறகு. இடது பக்கம், நுனி. அதாவது, எங்க மொட்டை மாடியில பருந்து வந்து உக்காரும், எறகு உதிர்க்கும். இவ எடுத்து வைப்பா. பெண்களுக்கு எதையாவது எடுத்து வைக்கணும்.

— பாச்சை உருண்டை போட்டு, மெழுகுத்தாள்ல சுத்தியா?

— பட்டுப் புடவையையும் இவ அப்படித்தான் வைப்பா.

— நீட்டுங்க பாப்போம். தண்டுக்குப் பக்கத்துல வைங்க. இன்னும் கிட்ட.

— உக்காருது.

— உக்காருதா? கோடு தெரியல அண்ணே. இந்தச் சாய்வும் அந்தச் சாய்வும் ஒண்ணோட ஒண்ணு போய் ஒட்டிக்குது. இது உதிர்ந்த எறகு இல்ல, உதிர்ந்திருந்தா அடித்தண்டும் சேர்ந்து வந்திருக்கும்.

— இப்ப வேணுமா வேணாமா? நியாயமாப் பேசுவோம். கடைக்கு வந்த சரக்கை எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டு நிப்பியா, இல்ல ஒட்டுவியா?

— ஒட்டுங்க. கேள்வி எங்கயும் ஓடாது, மணிதான் ஓடுது.

— அஞ்சு. ஆறு. விடு, தொடாதே. மூணு அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கு. உன் மூணு மணிக்கு ரெண்டு நிமிஷம் லாபம்.

*

— அண்ணே, கீழ மிஷின் ஏதும் ஓடலையே?

— மெயின் ஃபியூஸையே புடுங்கிட்டேன். கட்டடத்துல லிஃப்ட்டும் நின்னு போச்சு. மூணாவது மாடிக்காரர் அதுக்குள்ள மாட்டியிருக்காருன்னு நினைக்கிறேன்.

— நான் ஃபியூஸைப் புடுங்கச் சொல்லலையே, டிரில்லைப் போடாதீங்கன்னுதானே சொன்னேன்.

— ஒருவேளை தானா ஓடிருச்சுன்னா?

— மெதுவாப் பேசுங்க, டாக்டர் பாக்கறாரு. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நிக்கறாரே, அவருதான். கையில வலை வச்சிருக்காரு. அவரு ரெண்டு விஷயம் பாப்பாரு. ஒண்ணு, அது எழும்பித் தெருவைத் தாண்டணும். ரெண்டாவது, மனுஷங்க நிக்கற பக்கம் வரக்கூடாது. அதுக்குத்தான் நம்ம மூணு பேரையும் இங்க நிக்கச் சொன்னாரு. நம்மகிட்ட இறங்கி வந்துச்சுன்னா, வலையைப் போட்டுருவாரு. அண்ணி ஏன் சுவத்துப் பக்கம் திரும்பி நிக்கறாங்க?

— வெயில் அவ கண்ணுக்கு ஆகாது.

— பசை ஆகாது, வெயில் ஆகாது. சரி, பெட்டியைத் திறக்கறேன். நகருங்க.

— வெளிய வருது. ஏன் பறக்காம நடக்குது? ஒட்டினது விட்டுருச்சா?

— இடத்தைப் பாக்குது. இருங்க. கைப்பிடிச் சுவர் மேல ஏறிருச்சு. ரெக்கையை விரிக்குது. ஆறும் வரிசையா நிக்குது அண்ணே, எது ஒட்டினது எது ஒட்டாததுன்னு எனக்கே தெரியல.

— ஏன் இந்தப் பக்கமே பாக்குது?

— தெரியல. அண்ணியைப் பாக்குது. அவங்க முதுகைப் பாக்குது. தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்குது. வேண்டாம், இறங்காதே, இங்க ஒண்ணுமில்ல. அண்ணே, டாக்டர் வலையைத் தூக்கறாரு.

— போ. போயிடு. நல்லா இருப்பே, போ.

— நீங்க பேசாதீங்க.

— நான் எங்க பேசினேன்.

— ரெண்டடி நம்ம பக்கம் வைக்குது. அண்ணி, அசையாதீங்க. அப்படியே நில்லுங்க. இன்னும் ஒரு அடி. நின்னுருச்சு. திரும்புது. தெருப்பக்கம் திரும்பிருச்சு. போ, போ.

— விழுந்துருச்சு.

— விழல, காத்தைப் பிடிக்க இறங்குது. பாருங்க, மின்கம்பத்துக்குக் கீழ. அங்க. எழும்புது. எழும்பிருச்சு அண்ணே. தெருவைத் தாண்டிருச்சு, எதிர்க் கட்டடப் பல் டாக்டர் மாடிக்கு மேல போகுது.

— அந்த ஆளு பல்லுப் புடுங்கறதை விட்டுட்டு இதைப் பாக்க வெளிய வந்தா என்ன? திரும்புதா? சாயுதா?

— சாயல. நுனி எறகாலதான் திரும்புது. ரெண்டாவது சுத்து. அவ்வளவு உசரத்துல போனா இனிமே வலைக்காரரு நோட்டுல எழுதறதைத் தவிர வேற வழியில்ல. பாருங்க, எழுதறாரு. கையெழுத்தும் போட்டுட்டாரு. நன்றிங்க டாக்டர், படி வழியாப் போங்க, லிஃப்ட்டு ஓடாது.

— இன்னும் தெரியுதா?

— ஒரு புள்ளியாத் தெரியுது. சரி அண்ணே, இப்ப நாம பேசலாம். கடைசியாச் சொல்லுங்க, என்ன தரணும்?

— ஒண்ணும் வேண்டாம்.

— இதுதான். போன வாரம் உங்க கடைக்கு வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க. இந்தத் தெருவுல ஒரு பல்லுக்கு மூணு விலை சொல்ற மனுஷன் நீங்க. பருந்துன்னு நான் சொல்லி முடிக்கல, ‘கொண்டு வா’ன்னீங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. விலை கேக்காம சரக்கு குடுக்கறவன்கிட்ட எங்கப்பா ரெண்டு தடவை எண்ணிப் பாப்பாரு.

— நல்ல காரியத்துக்கு விலை வைக்கலாமா?

— வலது காலால உதைக்கும்னு தெரியும். டிரில் சத்தத்துல அது தூங்குது. பீரோவுல இருந்து வந்த எறகு, அதே வெட்டு, அதே சாய்வு. பல்லுக் கம்பியை வெட்டற சின்னக் கத்திரி உங்க மேஜையில தொங்குது. நீங்கதானே அண்ணே?

— ஆமா.

— நீங்கதான் வளர்த்தீங்க.

— ஆமா. இந்த மாடியில விழுந்து கிடந்துச்சு, உடம்புல பஞ்சு மாதிரி முடிதான். நான்தான் எடுத்தேன், நான்தான் ஊட்டினேன், நான்தான் வெட்டினேன். திட்டறதுன்னா திட்டு. ஒத்தைச் செருப்போட வேணும்னாலும் நடக்கறேன்.

— திட்டத்தான் வந்தேன், இப்ப வாய் வரல. ஆனா ஒரு இடம் மட்டும் இடிக்குது அண்ணே. மூணு மணி நேரமா காதுக்குப் பக்கத்துல உங்க குரலைக் கேட்டுக்கிட்டே கிடந்துச்சு. ஊட்டி வளர்த்த குரல்னா ஒரு தடவையாவது வாயைப் பிளந்திருக்கணும். அது உங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

— அதாவது, மறந்திருக்கும். பறவைதானே.

— உங்க டிரில்லை மறக்கல, உங்களை மட்டும் மறந்துருச்சா?

— நியாயமாப் பேசுவோம் தங்கச்சி, அது போயாச்சு, கையெழுத்தும் ஆயாச்சு, இனி எதுக்கு...

— போதும்ங்க, எனக்காகப் பொய் சொன்னது. தங்கச்சி, அந்தப் புள்ளியும் மறைஞ்சுருச்சான்னு நல்லாப் பாத்துச் சொல்லு.

— மறைஞ்சுருச்சு அண்ணி. ஆனா நீங்க பேசறீங்களே, கடவாப்பல்லு?

— பல்லெல்லாம் அப்படியே இருக்கு. ஊட்டினதும் நான்தான், அதை என்கூடவே வச்சுக்க வெட்டினதும் நான்தான், இன்னைக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தா அது வந்து என் தோள்ல உக்காந்திருக்கும்.